கணக்கு வாத்தியார் எழுதிய சபை வரலாறு

கேள்வி: எங்கள் பப்ரிஸ்ற் சபையின் ஞானஸ்நானப் பதிவேடு, கூட்டக் குறிப்பு எல்லாம் 2009 இடப்பெயர்வில் போய்விட்டன. மிஞ்சியது ஒரு பிஸ்கற் ரின் நிறையத் துண்டுக் காகிதமும் வயதானவர்களின் ஞாபகமும்தான். நான் ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை. சபை வரலாற்றை நான் எழுதலாமா, மாஸ்டர்?
– வாசகி ஒருவர், முழங்காவில்

பதில்: எழுதுங்கள், ரீச்சர். விவரம் தெரிந்த வயதில்தான் ஞானஸ்நானம் என்று நிற்கும் உங்கள் பப்ரிஸ்ற்காரர் இங்கிலாந்திலும் இருந்தார்கள். அவர்களின் வரலாற்றை முதன்முதலில் நூலாக எழுதியவரே ஒரு வாத்தியார்தான். அதுவும் என்னைப்போலக் கணக்கு வாத்தியார். பெயர் தோமஸ் குறொஸ்பி. லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே இருந்தவர், சபையில் உதவிக்காரர்.

காகிதங்களைத் தேடிச் சேர்த்தவர் அவரல்ல, அவருடைய சகலன் பெஞ்சமின் ஸ்டின்டன். பழைய சபைகளின் குறிப்புகளைக் கையால் பிரதி பண்ணி வைத்துவிட்டு, எழுதாமலே 1719 இல் இறந்துபோனார். குறொஸ்பி தானாக எழுதத் துணியவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையைத் திருத்தப் போராடிய பியூரித்தான்களின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த டானியல் நீல் என்ற வேறு சபைப் போதகரிடம் அந்தக் காகிதக் கட்டைக் கொடுத்தார். புத்தகம் வந்தது. பப்ரிஸ்ற்காரருக்கு அதில் கிடைத்த இடம் ஐந்து பக்கம்கூட இல்லை என்று குறொஸ்பி குமுறினார். பந்தல் போட்டவனைக் கடைசிப் பந்தியில் இருத்தின மாதிரி! அந்தக் கோபத்தில்தான் பேனாவை எடுத்தார். 1738 முதல் 1740 வரை நாலு பாகம்.

அவர் எழுதியதில் என்னை உலுப்பியது அவருடைய மாமனார் பெஞ்சமின் கீச்சின் வழக்கு. குழந்தைக்கு ஞானஸ்நானம் கூடாது என்று சிறுவர் பாடப் புத்தகம் ஒன்றில் எழுதியதற்காக, 1664 இல் கீச்சைச் சந்தையில் நிறுத்தி, தலையையும் கைகளையும் பலகைத் துளைகளில் மாட்டி, கண்முன்னாலேயே புத்தகத்தை எரித்தார்கள். மனிசன் பிறகு அதை ஞாபகத்திலிருந்தே திரும்ப எழுதினார். நீங்கள் பயப்படுவதும் ஞாபகத்தை நம்பி எழுதலாமா என்றுதானே?

குறொஸ்பியில் குறையும் உண்டு. கொள்கையில் வேறுபட்ட இரண்டு பப்ரிஸ்ற் பிரிவுகளையும் ஒரே பானையில் போட்டுவிட்டார் என்று பின்னால் வந்தவர்கள் திட்டினார்கள். திட்டட்டும். மூலம் தொலைந்துபோன சில தாள்களை ஸ்டின்டனின் பிரதியாலும் குறொஸ்பியின் அச்சாலும்தான் இன்றைக்கும் அறிகிறோம்.

அதனால் முதலில் பிரதி பண்ணுங்கள், பிறகு எழுதலாம். என் அப்பாவின் வாசிகசாலைக் கணக்குக் கொப்பியை உரப்பைக்குள் சுற்றி இரணைப்பாலை வரை கொண்டுபோனேன். பங்கருக்குள் மழைத் தண்ணி ஏறி, மை முழுக்க ஊறிவிட்டது. ஊரில் இருந்தபோதே ஒரு பிரதி எழுதி வெளியூரில் கொடுத்திருக்கலாம். புத்தி பிந்தித்தான் வந்தது.

பதிவேடு போனதற்காக மனம் உடையாதீர்கள். நான் சைவக்காரன், பிழையென்றால் திருத்துங்கள். கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபையில் பதிவேடு போனால் போனதுதான், குழந்தைக்கு என்ன ஞாபகம்? உங்கள் ஆட்களோ விவரம் தெரிந்த வயதில் தாங்களே சம்மதித்துத் தண்ணீரில் இறங்கியவர்கள். கேட்டால் சொல்வார்கள். வருசத்தைக் கேட்டால் தடுமாறுவார்கள். எந்தக் குளம், காலபோக விதைப்புக்கு முன்னா பின்னா, முழுக்குக் கொடுத்த போதகர் யார், அன்றைக்குக் கூட இறங்கியவர்கள் யார் என்று கேளுங்கள். இரண்டு பேர் சொல்வது பொருந்தினால் மையால் எழுதுங்கள். ஒருவர் மட்டும் சொன்னதைப் பென்சிலால் எழுதி, சொன்னவர் பெயரையும் பக்கத்தில் போடுங்கள்.

சபைக்குள் நடந்த சண்டைகளையும் விடாதீர்கள். குறொஸ்பியே தன் சபையோடு முரண்பட்டு வெளியே போனவர்தான்.

பிஸ்கற் ரின்னுக்குள் இரண்டு வேப்பிலைக் கொத்துப் போட்டு வையுங்கள். வன்னியில் கறையான் யாருக்கும் தவணை கொடுக்காது.