புது டூவீலருக்கு "ஆன்ரோடு விலையில் (சாலை வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த மொத்த விலை) ஒரு பைசா குறையாது" என்கிறார்களா ஷோரூமில்?

எக்ஸ் ஷோரூம் விலையை (பதிவு, இன்சூரன்ஸ் சேராத வண்டி விலை) விட்டுடுங்க, அதுல பெருசா குறையாது. டீலர் உங்களுக்குக் கொடுத்த கொட்டேஷன்ல உள்ள 'ஹேண்ட்லிங் சார்ஜ்' 2,500 ரூபாயை எடுக்கச் சொல்லுங்க. அது அரசுக் கட்டணமே இல்ல. ஆக்சஸரிஸ் 4,000-மும் உங்க விருப்பம்தான்.

டீலர் பிடிவாதம் பிடிக்க, அவருக்குக் கிடைக்கிற இன்சூரன்ஸ் கமிஷன் காரணமா இருக்கலாம். புது டூவீலருக்கு 5 வருஷ மூன்றாம் நபர் காப்பீடு (உங்க வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற பாதிப்புக்கானது) கட்டாயம். ஆனா டீலர்கிட்டயே எடுக்கணும்னு இல்ல.

1. செலவை வரிவரியா எழுதி வாங்குங்க.
2. அதே பாலிசிக்கு ஆன்லைன்ல விலை பாத்து, அதைக் காட்டிப் பேசுங்க. எனக்கு அப்படித்தான் இறங்கி வந்தாங்க, முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு!

இன்சூரன்ஸை வெளிய எடுத்தா, அதுக்குத் தேவையான சேசிஸ் நம்பர் (வண்டியோட அடையாள எண்) கேட்டு டீலர்கிட்ட அலையணும், டெலிவரி தள்ளிப்போகலாம். பேசி முடிக்காம முழுப்பணம் மட்டும் கட்டிடாதீங்க.