மூக்கோர மருவை லேசரில் எடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. டொங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்திலேயே காலம் கழித்தவர். மூக்கோரத்தில் மிளகளவு கறுப்பு மரு. ஏழு மாதமாக முகம் துடைத்தாலே ரத்தம் கசிகிறது. பார்லரில் லேசரில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். கேன்சராக இருக்குமோ என்றால், கறுத்த தோலுக்கு அதெல்லாம் வராது என்கிறார் அப்பா. என்ன செய்வது?
– வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: முதலில் பார்லரை மறந்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோயாக இருக்கலாம். பல வருட வெயில்தான் முக்கியக் காரணம். மெதுவாக வளரும், உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுவது மிக அரிது. அதனால் உயிர்ப்பயம் வேண்டாம். ஆனால் விட்டுவைத்தால் மூக்குக் குருத்தெலும்பு, கண் இமை என்று அரித்துக்கொண்டே போகும்.

அப்பா சொல்வது பாதி உண்மை. வெள்ளையர்களைவிட நமக்குக் குறைவு, அவ்வளவுதான். அவர்களுக்கு வெளிறிப் பளபளக்கும்; நமக்குக் கறுத்து வருவதால் மச்சம் என்று விட்டுவிடுகிறோம். நல்ல வெளிச்சத்தில் தோலை இரு விரலால் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். ஓரம் உயர்ந்து மினுங்கும், நடுவில் குழிந்து பொருக்கு கட்டியிருக்கும். பொருக்கு உதிரும், ரத்தம் வரும், மறுபடி கட்டும்.

லேசரில் கருக்கிவிட்டால் லேபுக்கு அனுப்ப என்ன மிஞ்சும்? கோரையை மேலாக அறுத்த கதைதான்; மேலே தழும்பு மூடிக்கொள்ளும், அடியில் அது பாட்டுக்குப் பரவும். இணையத்தில் விற்கும் கறுப்புக் களிம்பு இன்னும் மோசம். 'வேரோடு வந்துவிட்டது' என்று காட்டுவார்களே, அது வெந்துபோன உங்கள் சதை.

தேவை பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டு ஒரு சிறு துண்டு எடுப்பார்கள். சில நிமிட வேலை. கத்தி பட்டால் பரவும் என்பது கட்டுக்கதை. உறுதியானால், சுற்றிலும் சுமார் 4 மில்லிமீட்டர் நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுப்பதே வழக்கம். ஓரம் சுத்தமா என்ற லேப் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். ஆபரேஷன் தாங்காதவர்களுக்குக் கதிர்வீச்சு உண்டு.

வெயில் படாத இடத்திலும் தோல் புற்றுநோய் வரும் என்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள். அந்தக் காலத்தில் பிரைமஸ் ஸ்டவ்வில் சுட்டுக்கொண்ட தழும்பு, வருடக்கணக்கில் ஆறாத கால்புண், இவற்றில் வருவது வேறு வகை, ஸ்குவாமஸ் செல். கறுத்த தோலுக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். இது நெறிகட்டுகளுக்குப் பரவக்கூடியது. பழைய தழும்பு திடீரென்று தடித்தால், புண்ணாகி நாற்றம் அடித்தால், பாட்டி எத்தனை முறை 'அது பழசுதான்' என்றாலும் விடாதீர்கள். மஞ்சள் பூசி மாதங்களை ஓட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

அரசு கிளினிக்கில் ரெஃபரல் கடிதத்தில் 'மரு' என்று மட்டும் எழுதினால் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். 'ஏழு மாதமாக ஆறாத, ரத்தம் கசியும் புண். புற்றுநோய் சந்தேகம்' என்று எழுதச் சொல்லி, எழுதும்வரை நகராதீர்கள். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருந்தால் 'அழகு சிகிச்சை' என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். பயாப்ஸி முடிவு வந்ததும் பில்லில் சி44 என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகைத் தோல் புற்றுநோய்க்கு உரியது அதுதான். குணப்படுத்தக்கூடிய புற்றுநோய் சட்டப்படியான குறைந்தபட்சப் பலன்களில் சேர்த்தி. அப்படியும் மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கி, மெடிக்கல் எய்டுகளைக் கண்காணிக்கும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸுக்குப் புகார் அனுப்புங்கள்.