பதில்: அம்மாவின் கொப்புளம் அம்மையா, ஒட்டுமா?

சாட்ஸ்வர்த் சகோதரிக்கு வணக்கம். அம்மாவுக்கு முதலில் வாய்ப்புண், பிறகு முதுகில் கொப்புளம். டாக்டர் இது பெம்பிகஸ் வல்காரிஸ் என்ற கொப்புள நோய் என்று சொல்லி ஸ்டீராய்டு கொடுத்திருக்கிறார். பெரியம்மாவோ 'ஆத்தா வந்திருக்கா, மருந்து ஆகாது' என்று தட்டைக்கூடத் தனியாக வைத்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள்.

இது அம்மை இல்லை. கிருமியால் வருவதே இல்லை, யாருக்கும் தொற்றாது. முதலில் அந்தத் தட்டைப் பழைய இடத்தில் வையுங்கள்.

தோலில் பக்கத்துப் பக்கத்துச் செல்களைப் பிடித்து வைத்திருப்பவை ஒட்டுப்புரதங்கள். அவற்றில் டெஸ்மோக்ளீன் 3-ஐயும், பலருக்கு 1-ஐயும் சேர்த்து, உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியே எதிரி என்று தாக்குகிறது. பிடி விட்டதும் செல்களுக்கு நடுவே நீர் கோத்துக்கொள்ளும். கொப்புளம் தொளதொளவென்று இருப்பதும், சட்டை உரசினாலே உரிவதும் அதனால்தான். வாயில் ஏன் ஆரம்பித்தது என்றால், வாயின் உள்தோல் பெரும்பாலும் 3-ஐ நம்பியே இருக்கிறது. வெளித்தோலில் 1 துணைக்கு இருப்பதால் கொஞ்ச காலம் தாங்கும்.

பயாப்சியோடு (தோல் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) இம்யூனோஃப்ளோரசன்ஸ் சோதனையும், அதாவது தோலைத் தாக்கும் அந்த எதிர்ப்புப் பொருளை ஒளிரவைத்துப் பார்ப்பதையும், செய்தார்களா என்று கேளுங்கள். செல்களின் ஓரமெல்லாம் மீன்வலை மாதிரி ஒளிர்ந்தால் அனேகமாக உறுதி. ரிட்டுக்சிமாப் என்ற மருந்து அம்மாவுக்குப் பொருந்துமா என்றும் விசாரியுங்கள்.

வேப்பிலையை நம்பி ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் வந்தாலோ விழுங்க முடியாவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. மிளகாய், ஊறுகாய் வேண்டாம். கூழ் கொடுக்கலாம், நன்றாக ஆறவைத்து. பெரியம்மா பூஜையைத் தாராளமாகச் செய்யட்டும், மாத்திரையை மட்டும் நீங்களே கையில் எடுத்துக் கொடுங்கள்.