புயல் காற்று கூரையை அமுக்காது, தூக்கும்: ஒரு சிவில் என்ஜினீயரிடம் கேள்வி பதில்

கேள்வி (பேராவூரணி): சார், 2018 கஜா புயலில் எங்கள் மாட்டுக்கொட்டகையின் தகர ஷீட் மட்டும் பறந்துபோனது. சுவர் அப்படியே நின்றது. காற்று மோதுவது சுவரில்தானே?

பதில்: மோதுவது சுவரில்தான். ஆனால் அங்கிருந்து மேலே ஏறி, கூரை ஓரத்தைத் தாண்டி வேகமாக ஓடும்போது கூரைக்கு மேலே அழுத்தம் குறைந்து ஷீட்டை உறிஞ்சுகிறது. கொட்டகையின் திறந்த பக்கம் காற்றைப் பார்த்து இருந்தால் உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தள்ளும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம் என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 68 கிலோ இழுப்பு. பத்தடிக்கு மூன்றரை அடி ஷீட் ஒன்றுக்கு 220 கிலோ, ஷீட்டின் எடையோ இருபது கிலோகூட வராது. மூலைகளில் இழுப்பு இன்னும் அதிகம், அங்கிருந்துதான் பிய்ய ஆரம்பிக்கும்.

கேள்வி: அப்போ மணல் மூட்டை வைத்தால்?

பதில்: 220 கிலோவுக்கு எத்தனை மூட்டை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கேள்வி (வேதாரண்யம்): ஷீட்டைப் பைப்போடு பிடிக்கும் கொக்கி மாதிரி ஜே போல்ட் நிறையப் போட்டால் போதுமா அண்ணா?

பதில்: பாதி வேலைதான். கஜாவுக்குப் பிறகு நான் பார்த்த ஒரு கொட்டகையில் போல்ட்டெல்லாம் பைப்பிலேயே இருந்தது, ஒவ்வொரு வாஷருக்கடியிலும் வட்டமாகக் கிழிந்த தகரத் துண்டு மட்டும் மிச்சம். அதனால் ஓரங்களில் அகல வாஷர் வைத்து நெருக்கமாக அடியுங்கள். இன்னொரு இடத்தில் ஷீட் நன்றாகப் பிடித்துக்கொண்டது, ஆனால் கம்பங்களை வெறும் மண்ணில் இரண்டடி நட்டிருந்தார்கள், மொத்தக் கூரையும் முள்ளங்கியைப் பிடுங்கினதுபோல் கம்பத்தோடு வந்துவிட்டது. ஷீட், பைப், கம்பம், கான்கிரீட் குழி, இதில் எது லேசோ அங்கேதான் அறும்.

கேள்வி: ஜன்னலைத் திறந்துவிட்டால் காற்று அந்தப் பக்கமாகப் போய்விடும் என்கிறார் மாமனார்.

பதில்: மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டு ஜன்னலை மூடுங்கள். உள்ளே வந்த காற்று முதலில் கூரையைத்தான் முட்டும்.

கேள்வி (சென்னை): 2016 வர்தா புயலில் பன்னிரண்டாவது மாடியில் தொங்கும் விளக்கு ஆடியது. கட்டிடம் விழுந்துவிடுமா?

பதில்: முறையாக டிசைன் பண்ணிய உயரக் கட்டிடம் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். தைவானின் தைப்பே 101 கட்டிடத்தில் ஆட்டத்தைக் குறைக்கவே 660 டன் உருண்டை ஒன்று தொங்குகிறது, 2015 சவுடலோர் புயலில் அதுவே ஏறக்குறைய ஒரு மீட்டர் அசைந்தது. நீங்கள் பார்க்க வேண்டியது ஜன்னல் கண்ணாடியையும், வெளியே மாட்டிய ஏசி பெட்டியின் துருப்பிடித்த ஸ்டாண்டையும்.

கேள்வி: வேகம் இரண்டு மடங்கானால் விசையும் இரண்டு மடங்கா?

பதில்: இல்லை, நான்கு மடங்கு.