குழி தோண்டலாமா, எரிக்கலாமா?

கேள்வி: ஆனைமலைக் காட்டுக்குள் இருக்கும் காடர் பழங்குடியினரின் ஒரு செட்டில்மென்டில் இரண்டு மாதமாக டீச்சராக இருக்கிறேன். குப்பை வண்டி வர வழியில்லை. பால் கவர், சிப்ஸ் பாக்கெட், டார்ச் செல் எல்லாம் வீடுகளுக்குப் பின்னால் குவிகின்றன. குழி தோண்டிப் புதைக்கலாமா, எரித்துவிடலாமா?
— வாசகி, பொள்ளாச்சி

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. அந்த மலையில் பதினெட்டு வருஷம் நர்ஸாக நடந்தவள் நான். குழி தோண்டச் சொன்னதே ஒரு காலத்தில் நான்தான். ஜூன் மழை பிடித்ததும் குழி நிரம்பி வழிந்து, கவரெல்லாம் ஓடையில் இறங்கின. குடிக்கத் தண்ணீர் மொள்ளும் இடத்தில், மரவேரில் சிக்கிக் கிடந்ததை ஒரு வாரம் பொறுக்கினோம்.

எரிப்பது அதைவிட மோசம். சாதாரண நெருப்பில் பிளாஸ்டிக் முழுசாக எரியாது. டையாக்ஸின் மாதிரியான நஞ்சு புகையில் கலந்துவிடும், பிள்ளைகள் அதைத்தான் மூச்சில் இழுக்கும். குப்பையைத் திறந்தவெளியில் எரிக்க 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளிலேயே தடை வந்துவிட்டது.

கவரைக் கழுவாமல் போடவே கூடாது. உப்பு ருசிக்கு மானும் யானையும் பாக்கெட்டோடு தின்றுவிடும். ஒருமுறை யானை லத்தியைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். வெள்ளி நிறத்தில் ஒரு துண்டு, அதில் அச்சடித்த விலைகூட அழியவில்லை. அதனால் அலசி, கொடியில் காயவைத்து, காலி அரிசிச் சாக்கில் கட்டுங்கள். காய்ந்த கவருக்கு எடையே இருக்காது. ரேஷனுக்கு இறங்குகிறவர்கள் கையோடு கொண்டுபோய்க் கீழே குப்பை எடுப்பவர்களிடம் கொடுத்துவிடலாம்.

பழைய டார்ச் செல்லைத் தனியாக ஒரு மூடி போட்ட டப்பாவில் சேருங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிப்படி அதைத் திரும்பச் சேகரிப்பது கம்பெனியின் பொறுப்பு. கடையில் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பலாச்சக்கை, வாழைத்தோலை அன்றன்றே வீட்டிலிருந்து தள்ளி, மேலே கூரை உள்ள இடத்தில் சருகும் சாம்பலும் கலந்து மண்ணால் மூடுங்கள். வாசனைக்குக் கரடி வரும்.

இன்னொன்று. 'இவர்களுக்குச் சுத்தம் தெரியாது' என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். மூங்கில் சீப்பு, கூடை, இலை என்று காடர்கள் கையாண்டதெல்லாம் மழையில் மக்கி மண்ணாகிவிடும். மக்காத பொருளை மேலே ஏற்றியது நாம்.

சரி, முதலில் ஊர்த் தலைவரான மூப்பனிடம் பேசுங்கள். சாக்கை எங்கே கட்டித் தொங்கவிடுவது என்று அவரே இடம் காட்டட்டும். யானை வரும் தடம் அவருக்குத்தான் தெரியும்.