பன்றித்தோல் ஏன் பொரியவில்லை?

கேள்வி: வெண்பன்றி இறைச்சிக் கடை வைத்திருக்கிறேன். மிஞ்சும் தோலை வேகவைத்து, வெயிலில் காயவைத்து, எண்ணெயில் போட்டால் ஓரம் மட்டும் பொரிகிறது. நடுவில் பல் இறங்கவில்லை. எங்கே தப்பு?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: தப்பு காயவைக்கும் விதத்தில். மதுரைப் பக்கத்து வெயில் தோலின் மேற்பரப்பை முதலில் இறுக்கிவிடும். உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழியில்லாமல் நின்றுபோகும். ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். ஓரம் முதல் நடுவரை ஒரே கண்ணாடி மஞ்சளாக இருக்க வேண்டும். நடுவில் வெளுத்திருந்தால் ஈரமோ கொழுப்போ மிச்சமிருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறோம். முடியைப் பொசுக்கிச் சுரண்டிய தோலை, தளதளவென்று கொதிக்கவிடாமல் சிறுதீயில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வேகவையுங்கள். விரல் நகம் இறங்கினால் போதும். குறைவாக வெந்தால் கடினமாகும். குழைந்தால் பசை தண்ணீரோடு போய்விடும், குமிழைத் தாங்க ஒன்றும் இருக்காது. ஆறவைத்து ஃப்ரிட்ஜில் இறுகவிட்டால் கொழுப்பு சுலபமாக வழித்து வரும். துளிகூட விடாதீர்கள், கொழுப்பு இருக்கும் இடம் பொரியாது. பாக்கெட்டில் சிக்கு வாடையும் அதிலிருந்துதான் வரும்.

2 செ.மீ. துண்டுகளாக்கி, வெயிலுக்குப் பதில் டிரையரில் (சூடான காற்றில் உணவைக் காயவைக்கும் பெட்டி) 60 முதல் 65 டிகிரியில் திருப்பிப் போட்டுக் காயவையுங்கள். கணக்கு நேரத்தில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது. காய்ந்த துண்டில் 10 கிராமைப் பொடித்து 105 டிகிரி ஓவனில் எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். 1 கிராம் அளவுக்குக் குறைந்தால் சரியான பதம். 2 கிராம் குறைந்தால் இன்னும் காய வேண்டும். அரை கிராம்கூடக் குறையவில்லையென்றால் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. தோலை உப்பவைக்கிற ஆவிக்கே தண்ணீர் இல்லை. அப்படியானால் மூடிய டப்பாவில், துண்டுகள்மேல் படாமல் ஈரத்துணி வைத்து ஓர் இரவு விடுங்கள்.

பொரிப்பது இரண்டு கட்டம். முதலில் 110 முதல் 120 டிகிரியில் துண்டு இளகும்வரை. இதற்கு வழித்த கொழுப்பை உருக்கியே பயன்படுத்தலாம். அடுத்தது 200 டிகிரி. பன்றிக் கொழுப்பு 190லேயே புகைய ஆரம்பிக்கும், எனவே இங்கே ரீஃபைண்டு பாமாயில். வடகம் போல ஒரு நிமிடத்துக்குள் மலர்ந்துவிடும். 10 லிட்டர் எண்ணெய்க்கு ஒரு தடவை அரைக் கிலோ போதும். அதற்கு மேல் கொட்டினால் சூடு இறங்கி, துண்டு எண்ணெய் குடித்துச் சுருங்கும். உப்பைப் பொடித்து, சூடு ஆறுமுன் தூவுங்கள். விற்பதற்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதி தேவை.

கேள்வி: கறிக்கடையில் கழிக்கும் ஆட்டு நுரையீரலை நாய்களுக்கான மெல்லும் தீனியாக்கலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: நல்ல சரக்கு. காற்றறைகள் நிறைந்ததால் காய்ந்தாலே மொறுமொறுவென்று ஆகும், பொரிக்கத் தேவையில்லை. பெரிய ஆபத்து, நீர்க்கட்டி. வெள்ளையாக, தண்ணீர் நிறைந்த கட்டி இருந்தால் அந்த நுரையீரலை எரித்துவிடுங்கள். நாய் பச்சையாகத் தின்றால் அதன் குடலில் நாடாப்புழு வளர்ந்து, முட்டைகள் வழியாக மனிதருக்கும் நீர்க்கட்டி நோய் வரும்.

கட்டியில்லாததையும் 30 நிமிடம் கொதிக்கவைத்த பிறகே காயவையுங்கள். முதலில் காயவைத்துப் பிறகு சூடேற்றுவதை நம்ப முடியாது. உலர்ந்த நிலையில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி சூட்டைத் தாங்கும். வெந்ததை ஆறவைத்து, பாதி உறையவிட்டு, அரை செ.மீ. கனத்தில் சீவி, 65 முதல் 70 டிகிரியில், வளைத்தால் சட்டென்று ஒடியும்வரை காயவையுங்கள். ஆட்டெலும்பை வேகவைத்துச் சேர்க்காதீர்கள், கூராக உடைந்து தொண்டையில் குத்தும்.

கேள்வி: மனிதருக்குப் போடும் மசாலாவையே நாய்த் தீனிக்கும் போடலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: கூடாது. வெங்காயம், பூண்டு இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், பொடியாக இருந்தாலும். உப்பும் வேண்டாம். தட்டு, கத்தி, டிரையர் எல்லாவற்றையும் தனித்தனியாக வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காய்ந்ததைத் திறந்து வைத்தால் ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்கும். ஆறியவுடனே சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாமல் கட்டிவிடுங்கள்.