காபியைக் குறைக்க வேண்டுமா? முதலில் தூளை அளந்து பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

தினமும் ஐந்து டம்ளர் ஃபில்டர் காபி குடிக்கிறேன். படபடப்பு, ராத்திரி தூக்கமில்லை. டாக்டர் குறைக்கச் சொன்னார். ஒரே நாளில் நிறுத்திப் பார்த்தேன். மறுநாள் மண்டையைப் பிளக்கும் தலைவலி, குமட்டல். மூன்றாம் நாள் காபிக்கே திரும்பிவிட்டேன். என்னால் முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

முடியும். நீங்கள் தோற்கவில்லை, நிறுத்திய விதம்தான் தவறு.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அசதியையும் தூக்கத்தையும் தருவது அதுதான். அது போய் உட்காரும் இடங்களைக் காஃபின் அடைத்துக்கொள்வதால்தான் காபி குடித்ததும் சுறுசுறுப்பு வருகிறது. வருடக்கணக்கில் குடித்தால், மூளை இந்த இடங்களை அதிகமாக்கிக்கொள்கிறது. திடீரென்று காபியை நிறுத்தினால் அத்தனை இடங்களிலும் அடினோசின் உட்கார்ந்துவிடும். தலையில் ரத்தக் குழாய்கள் விரியும்; தலைவலி, கொட்டாவி, எரிச்சல், குமட்டல் எல்லாம் சேர்ந்து வரும். கடைசி காபி குடித்து 12 முதல் 24 மணி நேரத்தில் இது தொடங்கும். முதல் இரண்டு நாள் உச்சத்தில் இருக்கும். சிலருக்கு ஒன்பது நாள் வரைகூட நீடிக்கும். நீங்கள் விட்டுக்கொடுத்தது உச்ச நேரத்தில்.

அதனால் படிப்படியாக இறங்குங்கள். அதற்கு முன், இப்போது எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். டம்ளரை எண்ணினால் போதாது, தூளைக் கணக்கிட வேண்டும். 200 கிராம் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். ஆறு நாளில் தீர்ந்தால் வீட்டில் நாளொன்றுக்கு 33 கிராம் செலவாகிறது. அதை மொத்த டம்ளர் கணக்கில் வகுத்தால் ஒரு டம்ளருக்கு எவ்வளவு தூள் என்று வந்துவிடும்.

பிறகு ஐந்து ஐந்து நாளாக:

முதல் ஐந்து நாள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் குடிக்கும் காபியை மட்டும் எடுத்துவிடுங்கள். காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஏழு மணிக்குக் குடித்ததில் பாதி, நடுராத்திரியிலும் ரத்தத்தில் இருக்கும். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த ஒரு டம்ளர்தான். அந்த நேரத்துக்குச் சூடாக ஏதாவது வேண்டுமென்றால் சுக்கு மல்லிக் காபி நல்லது. சுக்கு, கொத்தமல்லி விதை, மிளகு, கருப்பட்டி மட்டும் இருந்தால் அதில் காஃபின் கிடையாது. கடைப் பொடியில் காபித்தூள் கலந்திருக்கிறதா என்று பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்த ஐந்து நாள், பதினோரு மணிக் காபியை இரண்டாம் டிகாக்‌ஷனில் மட்டும் கலந்து குடியுங்கள். வெந்நீரில் காஃபின் சுலபமாகக் கரைந்துவிடும். பெரும்பகுதி முதல் டிகாக்‌ஷனிலேயே இறங்கிவிடும். இரண்டாவதில் கொஞ்சம் நிறமும் கசப்பும் மிஞ்சும், காஃபின் மிகக் குறைவு. ஆனால் பல வீடுகளில் செய்வதுபோல இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்து வைத்தால் ஒரு பயனும் இல்லை. தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

மூன்றாவது ஐந்து நாளில் நாலு மணிக் காபி லைட் டீயாகட்டும். நான்காவதில் பதினோரு மணியும் டீ. டிபனுக்குப் பிறகு குடிக்கும் காபி அதற்கு அடுத்தது. விடிகாலைக் காபியைக் கடைசி வரை தொட வேண்டாம். ராத்திரி முழுக்கக் காஃபின் இல்லாமல் இருந்த உடம்பு அதற்குத்தான் காத்திருக்கும். அதையும் எடுத்தால்தான் தலைவலி திரும்ப வரும். படபடப்பு நின்று, தூக்கம் திரும்பிவிட்டால் அந்த ஒரு டம்ளரை வைத்துக்கொள்வதில் தவறே இல்லை.

நடுவில் தலைவலி வந்தால் பழைய கணக்குக்குத் திரும்பாதீர்கள். அரை டம்ளர் காபி குடித்து, அதே படியில் இன்னும் மூன்று நாள் இருந்துவிட்டு இறங்குங்கள். இத்தனை குறைத்தும் படபடப்பு போகவில்லை என்றால் காபியைக் குறை சொல்லிக்கொண்டு இருக்க வேண்டாம். இ.சி.ஜி., தைராய்டு, ஹீமோகுளோபின் மூன்றையும் டாக்டரிடம் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

சிக்கரி அதிகமாகப் போட்டால் காஃபின் குறையுமா? சிக்கரி கெடுதல் என்கிறார்களே?
– வாசகர், சேலம்

குறையும். சிக்கரி வறுத்து அரைத்த ஒரு வேர். அதில் காஃபின் துளியும் இல்லை. நம் நாட்டில் காபி – சிக்கரிக் கலவையில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம். எவ்வளவு என்று பாக்கெட்டில் போட்டிருக்க வேண்டும். அரைத்துத் தரும் கடையானால் 80:20-க்குப் பதில் 60:40 என்று கேட்டு வாங்குங்கள். கள்ளிச்சொட்டு மாதிரி டிகாக்‌ஷன் கிடைக்கும், நாக்குக்குக் குறை தெரியாது, காஃபின் கால் பங்கு குறைந்திருக்கும். சிக்கரி சிலருக்கு வயிற்றில் வாயுவைக் கூட்டும். மற்றபடி பயப்பட வேண்டியதில்லை.

சிக்கரியைவிடக் கொட்டையின் ரகம் கணக்கை இன்னும் அதிகமாக மாற்றும். அரபிகாவில் காஃபின் சுமார் 1.2 சதவீதம், ரொபஸ்டாவில் 2.2. 80:20 கலவையில் 20 கிராம் போட்டு நாலு டம்ளர் கலக்கிறீர்கள் என்று வையுங்கள். அதில் காபி 16 கிராம். எல்லாம் அரபிகா என்றால் டம்ளருக்கு அதிகபட்சம் 48 மில்லிகிராம், எல்லாம் ரொபஸ்டா என்றால் 88. ‘பீபரி’ என்பது கொட்டையின் வடிவத்தைச் சொல்லும் பெயர். அது அரபிகாவிலும் உண்டு, ரொபஸ்டாவிலும் உண்டு. எந்தக் கொட்டை என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

ஒரு தொல்லை: சிக்கரி தண்ணீரை உறிஞ்சி உப்பும், ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். குடையை அழுத்திவிடாமல் தூளின் மேல் சும்மா வையுங்கள். தூளைச் சற்றுக் கொரகொரப்பாக அரைக்கச் சொல்லுங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால் அடித்தட்டின் துளைகளில் பழைய தூள் அடைத்திருக்கிறது. வெறும் மேல் பாத்திரத்தை அடுப்புத் தணலில் அரை நிமிடம் காட்டி, ஆறியதும் பிரஷ்ஷால் தேய்த்தால் திறந்துவிடும்.

டீக்கு மாறிப் பதினைந்து நாள் ஆகிறது. தண்ணீர் மாதிரி இருக்கிறதென்று தூளைக் கூட்டிக் கூட்டி நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிக்கிறேன். தூக்கம் இன்னும் வரவில்லை. டீயில் காஃபின் குறைவுதானே?
– வாசகர், மதுரை

நீங்கள் போடுகிற டீயில் குறைவில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி சொல்வது: 150 மில்லி காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபின், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. நாளொன்றுக்கு 300-ஐத் தாண்டக் கூடாது. டீயின் கணக்கில் உள்ள அந்த 30-க்கும் 65-க்கும் இடையே எங்கே நிற்கிறீர்கள் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. நம் வீடுகளில் வாங்கும் டஸ்ட் டீ பொடிப்பொடியாக இருப்பதால் இரண்டு நிமிடத்தில் சாரமெல்லாம் இறங்கிவிடும். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் போட்டுப் பாலோடு பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் காபிக்குக் குறையாத காஃபின் வரும், துவர்ப்பும் கூடும்.

இப்படிப் போடுங்கள். ஒரு டம்ளருக்கு 90 மில்லி தண்ணீர், 60 மில்லி பால், தூள் 2 கிராம். ஸ்பூனில் தலைதட்டி அளந்தாலே சில தூள் 3 கிராம் வரும். அதனால் ஒருமுறை தராசில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத் தூளைப் போட்டு மூடுங்கள். இரண்டு, மூன்று நிமிடத்தில் வடிகட்டிவிட்டுத் தனியாகக் காய்ச்சிய பாலை ஊற்றுங்கள். ஒருமுறை போட்ட தூளின் மேல் மறுபடி தூள் போட்டுக் கொதிக்க வைக்காதீர்கள்.

தண்ணீர் மாதிரி இருக்கிறது என்பது காபி குடித்துப் பழகிய எல்லோரும் சொல்வது. அதற்கு மருந்து தூளைக் கூட்டுவதல்ல, வேறு தூள் வாங்குவது. நீலகிரி டீக்கு வாசம் அதிகம், கனம் குறைவு. காபி நாக்குக்கு அசாம் டீதான் பிடிக்கும். பாலைத் தண்ணீருக்குச் சமமாக்கினால் இன்னும் கெட்டியாக இருக்கும். இஞ்சி தட்டிப் போட்டால் காரம் கிடைக்கும், ஆனால் இஞ்சியைத் தண்ணீரோடு நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகுதான் பால் சேர வேண்டும். பச்சை இஞ்சிச் சாறு பாலைத் திரிய வைத்துவிடும். டீக்கடையில் ‘லைட்’ என்று சொல்லி வாங்குங்கள்.

ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும், தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். காபியைவிட டீ நல்லதா?
– வாசகி, திண்டுக்கல்

இரும்புச்சத்தைப் பொறுத்தவரை இரண்டும் கெடுதல், டீ கூடுதல் கெடுதல். டீயில் உள்ள டானின் சாப்பாட்டில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு, உடம்பில் சேரவிடாது. இட்லி சாப்பிட்டு வாய் கொப்பளித்த கையோடு டம்ளரைத் தூக்கும் பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம். இரும்பு மாத்திரையைத் தண்ணீரில், முடிந்தால் எலுமிச்சைச் சாற்றோடு விழுங்குங்கள். தைராய்டு மாத்திரையை எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து முதல் காபி. இரண்டு மாத்திரைக்கும் நடுவே நாலு மணி நேர இடைவெளி இருக்கட்டும்.

நான்கு மாத கர்ப்பம். எவ்வளவு குடிக்கலாம்?
– வாசகி, வேலூர்

நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குள் நிறுத்துங்கள். ஃபில்டர் காபி ஒரு டம்ளர், லைட் டீ ஒரு டம்ளர் என்றால் அந்தக் கணக்குக்குள் வரும். கர்ப்பத்தில் காஃபின் உடம்பை விட்டு வெளியேற நாளாக நாளாக இன்னும் அதிக நேரம் எடுக்கும். ஆகவே மதியத்துக்குப் பிறகு வேண்டாம். கிரீன் டீயிலும் சாக்லேட்டிலும் கோலா பானத்திலும் காஃபின் உண்டு. அவற்றையும் கணக்கில் சேருங்கள்.

காபியை விட்ட தலைவலிக்கு மாத்திரை போட்டால் உடனே கேட்கிறது. போடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். தலைவலி மாத்திரைகள் சிலவற்றில் பாராசிட்டமாலோடு 30 முதல் 65 மில்லிகிராம் காஃபின் சேர்ந்திருக்கும். உடனே கேட்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். விட்ட காபி மாத்திரை வழியாக உள்ளே வருகிறது, மாத்திரை தீர்ந்ததும் தலைவலி திரும்பும். பாராசிட்டமால் மட்டும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அதையும் ஓரிரு நாளுக்கு மேல் தொடர வேண்டாம்.